வேதாளரை முதல் நாளிலிருந்து படிக்க: 1936 ஸ்ட்ரிப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

போன விடுமுறைக்கு வந்த அக்கா மகன் என் அலமாரியில் இருந்த பழைய வேதாளர் காமிக்ஸ் புத்தகங்களை ஒரு மத்தியானம் முழுக்கப் புரட்டினான். சாயங்காலம் வந்து, "மாமா, இதை ஆரம்பத்துல இருந்து படிக்கணும்னா எங்கே தொடங்கணும்?" என்று கேட்டான். நாளிதழில் வேதாளரின் முதல் ஸ்ட்ரிப், அதாவது ஒரு வரிசைப் படக்கதை, வந்த 1936 பிப்ரவரி 17, திங்கட்கிழமை என்று பதில் சொல்லிவிட்டேன். தேதியைச் சொன்னால் மட்டும் போதாது என்பது அவன் அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகளில்தான் எனக்கு உறைத்தது. எந்தப் பதிப்பு, எந்த வரிசை, எவ்வளவு வேகத்தில், எதைப் பொறுத்துக்கொண்டு? அவனுக்கு வாய்மொழியாகச் சொன்னதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மூலத்தில் இவர் பெயர் ஃபேண்டம். தமிழில் வேதாளர் என்ற பெயரில் படித்தவர்கள் ஒரு தலைமுறை. ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் படித்தவர்கள் இன்னொரு தலைமுறை. இருவரும் ஒரே ஆள்தான். ஆனால் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி முற்றிலும் வேறு. அவர் பிரிட்டனில் பிறந்த பாத்திரம், நம் காட்டுக்காரருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. புதிதாக வருபவர்கள் 'மாயாவி' என்று தேடி இரண்டையும் கலந்து வாங்கிவிடுகிறார்கள். இந்தியில் வேதாள், வங்காளத்தில் அரண்யதேவ் என்று அழைக்கப்படுவதும் இவரே.

படைத்தவர் லீ ஃபாக், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ்காரர். 1911 ஏப்ரலில் பிறந்தவர் என்பதால், முதல் ஸ்ட்ரிப் வெளியான அன்று அவருக்கு வயது 24. அதற்குள் மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியை 1934 ஜூனில் தொடங்கி வெற்றிகரமாக நடத்திக்கொண்டிருந்தார். மாண்ட்ரேக்கை வரைந்த ஃபில் டேவிஸின் உதவியாளர் ரே மூர்தான் வேதாளரின் முதல் ஓவியர். மாதிரிக்காக முதல் இரண்டு வார ஸ்ட்ரிப்புகளை ஃபாக் தானே வரைந்து காட்டியிருக்கிறார். அப்புறம் தூரிகை மூரிடம் போனது. எழுத்து மட்டும் 1999இல் ஃபாக் இறக்கும்வரை அவரிடமே இருந்தது, 63 ஆண்டுகள்.

தெரிந்த கதையை ஓரமாக வையுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி என்று நினைக்கிறேன். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

நமக்கெல்லாம் வேதாளர் முழு உருவத்தோடுதான் அறிமுகமானார். மண்டையோட்டுக் குகை, மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, ஓநாய், 400 ஆண்டுகளாகத் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் முகமூடி, 21ஆவது தலைமுறை. இந்தப் பட்டியல் கையில் கொடுக்கப்பட்ட பிறகுதான் நாம் முதல் பக்கத்தையே திறந்தோம். 1936இன் வாசகருக்கு இது எதுவும் தெரியாது. அதைவிடச் சுவையான விஷயம், எழுதியவருக்கே முழுதாகத் தெரியாது!

ஃபாக் முதலில் யோசித்த கதை வேறு. நியூயார்க்கில் ஜிம்மி வெல்ஸ் என்று ஒரு பணக்கார இளைஞன், பகலில் சோம்பேறியாகப் பொழுதைப் போக்குகிறவன். இரவில் முகமூடி போட்டுக் கொண்டு குற்றவாளிகளை வேட்டையாடுபவன் அவனே என்று கடைசியில் தெரியவரும். முதல் கதையின் ஆரம்ப வாரங்களில் ஜிம்மி வருவான், கதாநாயகி டயானாவைச் சுற்றி வருவான். வாசகர் சந்தேகப்படும்படிதான் அவனை வரைந்திருக்கிறார்கள். ஆனால் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபாக் மனம் மாறினார். முகமூடிக்காரரைக் காட்டுக்கு அனுப்பினார், பரம்பரைக் கதையைக் கொடுத்தார், ஜிம்மியை அப்படியே கைவிட்டுவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நாவலாக இருந்தால் எழுதியவர் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்தியிருப்பார். நாளிதழ் ஸ்ட்ரிப்பில் அது முடியாது. நேற்று அச்சானது அச்சானதுதான். அதனால் ஓர் எழுத்தாளர் தன் நாயகனைக் கண்டுபிடிக்கும் தருணமே நம் கண்முன் கிடக்கிறது. முழுக் கதையும் தெரியும் என்ற நினைப்போடு படித்தால் ஜிம்மி வரும் இடங்கள் தேவையில்லாத இழுவையாகத் தெரியும். ஒன்றும் தெரியாதவராகப் படித்தால் முகமூடிக்குப் பின்னால் யார் என்ற கேள்வி உண்மையாகவே உங்களைத் துரத்தும்.

சின்னச் சின்ன முரண்களும் இதனால்தான். முதல் வேதாளர் கரையொதுங்கிய ஆண்டு 1536 என்று பின்னாளில் நிலைத்தது. ஆரம்பக் கதைகளில் இந்தக் கணக்குகள் அவ்வளவு கறாராக இருக்காது. காடு எங்கே இருக்கிறது என்பதும் அப்படித்தான். ஆரம்பத்தில் அது ஆசியப் பக்கம், வங்காளத்தை நினைவூட்டும் பெயரோடு, இந்தியாவுக்கு அருகில் எங்கோ இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் ஆப்பிரிக்காவில் பங்கல்லா என்ற நாடாக நிலைபெற்றது. சிங்கமும் புலியும் ஒரே காட்டில் உலவுகின்றனவே என்று கேட்காதீர்கள். கிப்ளிங்கின் காட்டுக் கதைகளிலும் டார்ஜானிலும் ஊறி வளர்ந்த ஒருவரின் கற்பனைக் காடு அது. வேதாளருக்குத் துணை நிற்கும் பந்தர் என்ற குள்ள இனத்தாரின் பெயர்கூட, குரங்கைக் குறிக்கும் இந்திச் சொல்தான்.

ஸ்ட்ரிப் என்றால் என்ன, அதை எப்படிப் பார்ப்பது

தினசரி ஸ்ட்ரிப் என்பது நாளிதழின் அகலத்தில் ஓடும் ஒரே ஒரு வரிசைப் படம். மூன்று அல்லது நான்கு கட்டங்கள், கறுப்பு வெள்ளை, திங்கள் முதல் சனி வரை. நியூயார்க்கின் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் இதை ஒரே நேரத்தில் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு விற்றது. படத்தைத் தகட்டில் பொறித்து, அந்தத் தகட்டைக் காகிதக்கூழ் அட்டையில் அழுத்தி, அந்த அட்டையைத் தபாலில் அனுப்புவார்கள். பத்திரிகை ஆபீசில் அதன்மேல் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி அச்சுக்கட்டை எடுத்துக்கொள்வார்கள். அட்டை லேசானது, மலிவானது. அதனால்தான் ஒரே கதை ஒரே நாளில் நாடு முழுக்க வர முடிந்தது. அதே காரணத்தால் சில பிரதிகளில் மூரின் மெல்லிய கோடுகள் அடைபட்டு, நிழல்கள் மைக்குளமாகிவிட்டன. பழைய ஸ்ட்ரிப்பின் பிரதி மங்கலாக இருந்தால் குறை ஓவியரிடம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள். கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கிங் ஃபீச்சர்ஸ் பெயரும் உரிமை ஆண்டும் இருக்கும். பக்கத்திலேயே சிறிதாக மாதமும் நாளும் எண்களில் இருக்கும். அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலில், நாள் அப்புறம். '2-17' என்றால் பிப்ரவரி 17. இந்தச் சின்ன எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால் எந்தப் பதிப்பு கையில் வந்தாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். எண்ணே இல்லாமல் அழித்திருந்தால், கட்டங்களை வெட்டி ஒட்டிய பதிப்பாக இருக்கலாம் என்று உஷாராகிவிடுங்கள்.

சரியான பதிப்பைப் பிடிப்பது

அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் 'முதல் கதை, முழுமையானது' என்ற பேச்சை நம்பி ஒரு தொகுப்பு வாங்கினேன். படிக்கும்போது கதை அங்கங்கே தாவியது. பழைய காலத்துக் கதை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துப் படித்து முடித்தேன். பல வருடம் கழித்து முழுப் பதிப்பு கிடைத்தபோதுதான், நான் படித்தது பாதிக்குப் பாதி கத்தரித்த பிரதி என்று புரிந்தது. அந்த ஏமாற்றம் உங்களுக்கு வேண்டாம். எண்ணிப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன்.

முதல் கதையான 'தி சிங் பிரதர்ஹுட்' 1936 பிப்ரவரி 17இல் தொடங்கி நவம்பர் 7இல் முடிகிறது. மொத்தம் 38 வாரம். வாரத்துக்கு 6 ஸ்ட்ரிப் என்றால் 228. உங்கள் கையில் இருப்பது அதைவிடக் குறைவு என்றால் ஏதோ போய்விட்டது. இரண்டாம் கதை 'தி ஸ்கை பேண்ட்' நவம்பர் 9 முதல் 1937 ஏப்ரல் 10 வரை, 22 வாரம். அதாவது 132 ஸ்ட்ரிப்.

முழுமையாகப் படிக்க இன்று எளிதான வழி, அமெரிக்காவின் ஹெர்மீஸ் பிரஸ் வெளியிட்டிருக்கும் தினசரித் தொகுதிகள். தேதி வரிசைப்படி, கத்தரிக்காமல், ஸ்ட்ரிப்பை ஸ்ட்ரிப்பாகவே அச்சிட்டிருக்கிறார்கள். முதல் தொகுதியே 1936இலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் தொடங்கிய வண்ண ஞாயிறு பக்கங்களுக்குத் தனித் தொகுதிகள் உண்டு. இறக்குமதிப் புத்தகம் என்பதால் விலை கையைக் கடிக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிச் சுற்றுக்கு விடுவது நல்ல யோசனை. கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனமே நடத்தும் காமிக்ஸ் கிங்டம் தளத்தில் சந்தா கட்டியும் பழைய ஸ்ட்ரிப்புகளைப் படிக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஃப்ரூ நிறுவனம் 1948 முதல் வேதாளர் இதழ்களை வெளியிட்டு வருகிறது. கறுப்பு வெள்ளையில் படிக்கப் பிடித்தவர்களுக்கு அதுவும் நல்ல இடம்.

இந்திரஜால் காமிக்ஸ் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இதழ் அது. இந்தியாவில் வேதாளரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது அதுதான், எனக்கு அதன்மேல் தீராத பாசம். ஆனால் 1936இன் கதையைப் படிக்க அது சரியான இடமில்லை. முதல் இதழிலேயே வந்தது வேதாளரின் பெல்ட் பற்றிய 1950களின் கதை. குறைந்த பக்கங்களுக்குள் அடக்குவதற்காகக் கட்டங்களை வெட்டினார்கள், வரிசையை மாற்றினார்கள். பெயர்களும் மாறின. நம் நாட்டு ஊரையும் மக்களையும் குறிக்காமல் இருக்க, காடு டெங்காலி ஆனது, சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆனார்கள். அதனால் மூலத்தைத் திறக்கும்போது பழக்கமான பெயர்கள் இல்லையே என்று தடுமாற வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

பழைய ஸ்ட்ரிப்புகள் வந்த 1938ஆம் ஆண்டு ஏஸ் காமிக்ஸ் இதழ்கள், நாளிதழ் வெட்டுத் துண்டுகள் போன்றவை சேகரிப்பாளர்கள் பாடு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்படியும் பழைய வெட்டுத் துண்டு கைக்கு வந்தால் வெயில் படாமல் வையுங்கள், லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஓர் இரவுக்கு ஒரு வாரம்

புத்தகம் கையில் வந்ததும் ஒரே மூச்சில் படிக்கத் தோன்றும். அக்கா மகனும் அப்படித்தான், முதல் நாளே நாற்பது பக்கம் ஓடிவிட்டு, "சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க மாமா" என்றான். அவன் சொன்னது சரி. ஆனால் அது குறையில்லை, அந்த வடிவத்தின் இயல்பு. நேற்று பேப்பர் வாங்காதவரும் இன்று கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் முதல் கட்டமும் நேற்றைய நிலையை ஒரு வரியில் நினைவூட்டும். நடுக்கட்டங்களில் கதை ஓரடி நகரும். கடைசிக் கட்டம் ஒரு கொக்கியைப் போட்டு நிறுத்தும். கதவுப் பிடி திரும்பும், விளக்கு அணையும், யாரோ ஒருவரின் நிழல் விழும்.

அதனால் ஓர் இரவுக்கு 6 ஸ்ட்ரிப், அதாவது ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் ஸ்ட்ரிப்பில் தொடங்கி சனியில் நிறுத்துங்கள். சனிக்கிழமைக் கொக்கிதான் மற்றதைவிட வலுவாக இருக்கும், ஏனென்றால் இடையில் ஒரு நாள் கதை இல்லாத ஞாயிறு. வாசகர் திங்கட்கிழமை மறக்காமல் திரும்பி வர வேண்டுமே! இந்த அளவில் படித்தால் முதல் கதை 38 இரவுகள் வரும். ஒன்றே கால் மாதம் ஒரு கதையோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒன்பது மாதம் காத்திருந்த அந்தக் காலத்து வாசகரோடு ஒப்பிட்டால் நாம் இன்னமும் அவசரக்காரர்கள்தான்.

கூடவே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். வேதாளரைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயம் வரும்போதெல்லாம் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டு முத்திரை எப்போது வந்தது, குகையை எப்போது முதலில் பார்த்தோம், பந்தர்களின் தலைவர் குரன் எப்போது பேசினார், சபதத்தை எப்போது சொன்னார்கள். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை ஒழிக்க என் வாழ்வை அர்ப்பணிக்கிறேன், என் மகன்களும் அவர்களின் மகன்களும் என்னைத் தொடர்வார்கள் என்று முதல் வேதாளர் தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மேல் செய்த சபதம் அது. நாம் ஒரே வரியில் மனப்பாடமாகச் சொல்லும் இந்தப் புராணம் எத்தனை மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டப்பட்டது என்பதை உங்கள் கையெழுத்திலேயே பார்ப்பீர்கள். என் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த ஆராய்ச்சி நூலும் எனக்கு அந்த அளவு கற்றுத்தரவில்லை.

எந்த வரிசையில்

'தி சிங் பிரதர்ஹுட்' முதலில். மாற்றுப் பேச்சே இல்லை. கடலில் தொடங்கும் கதை. டயானா பால்மர் கொண்டுவரும் அம்பர்கிரீஸ் என்ற சரக்குக்காகக் கொள்ளையர் துரத்துகிறார்கள். நம் தென்கோடிக் கடற்கரைக் கடத்தல் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறதே, அதே திமிங்கில அம்பர்தான். டயானாவைக் கவனித்துப் படியுங்கள். காப்பாற்றப்படுவதற்காக மட்டும் வரும் பெண் அல்ல அவள், ஊர் சுற்றுபவள், துணிச்சல்காரி. கபாய் சிங் தலைமையிலான கொள்ளையரின் கோட்டை வரைக்கும் கதை போகிறது. நகரத்துத் துப்பறியும் கதையாகத் தொடங்கிக் காட்டுக் கதையாக முடியும் அந்த வளைவு, எனக்கு மொத்தத் தொடரிலும் மிகப் பிடித்த ஒன்று.

அடுத்தது 'தி ஸ்கை பேண்ட்'. விமானத்தில் வந்து கொள்ளையடிக்கும் பெண்களின் கூட்டம், தலைவியாக ஒரு பாரனெஸ், அதாவது பிரபுகுலச் சீமாட்டி, அவளுக்குக் கீழே சாலா என்ற விமானி. ரே மூர் பெண்களை வரைவதில் மன்னர். விளக்கொளி பாதி முகத்தில் விழ, மீதி மையிருட்டில் கரைந்துபோகும் அந்தக் கட்டங்களை அவசரமாகத் தாண்டாதீர்கள். 1996இல் வந்த ஹாலிவுட் படம் முக்கியமாக இந்த முதல் இரண்டு கதைகளிலிருந்துதான் எடுத்துக்கொண்டது. படத்தைக் கதைகளைப் படித்த பிறகு பாருங்கள்.

1937இல் 'தி டயமண்ட் ஹண்டர்ஸ்', 'லிட்டில் டாமி'. முந்தையதில் காட்டில் வாழும் இனங்களும் அவர்களுக்குள் அமைதி காக்கும் நடுவராக வேதாளரும் நன்றாக உருவாகிறார்கள். வேதாளரின் காடு என்று நாம் சொல்லும் உலகம் அங்கேதான் எனக்கு முதலில் புலப்பட்டது. 1938இல் 'தி பிரிசனர் ஆஃப் தி ஹிமாலயாஸ்', கதை இமயமலைப் பக்கம் வருகிறது. அப்புறம் அல்ஜியர்ஸ், சுறாக்களின் கூடு, முத்துக்குளிப்பு என்று பயணம் நீள்கிறது. இவற்றில் எது பிடிக்கவில்லையோ அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், ஒவ்வொன்றும் தனிக் கதை. முதல் இரண்டை மட்டும் தாண்ட வேண்டாம்.

வலிக்கும் இடங்கள்

புதியவர்களிடம் இதை மறைக்கக் கூடாது. இவை 1930களின் அமெரிக்கப் பத்திரிகைகளுக்காக எழுதப்பட்ட கதைகள். காட்டு மக்களைக் குழந்தைகளைப் போலவும், சில நேரம் பயங்கரமானவர்களாகவும் வரைந்திருக்கிறார்கள். கறுப்பின மக்களின் முகங்களை வரைந்த விதம் பல இடங்களில் கேலிச்சித்திரமாகவே இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரப் பரம்பரை மற்ற எல்லோருக்கும் நீதி வழங்குகிறது என்ற அடிப்படையே காலனியக் காலத்தின் கனவு. உலகக் கொள்ளைக் கூட்டத்துக்குச் சிங் என்று பெயர் வைத்திருப்பதையும், அது நம் நாட்டில் கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களின் பெயர் என்ற உணர்வோடு படித்தால், நெருடாமல் இருக்காது.

நான் இந்தக் கதைகளை நேசிக்கிறேன், அந்த இடங்களில் எனக்குக் கோபமும் வருகிறது. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள், இது ஏன் தப்பு என்று பேசுங்கள். இந்தத் தொடரும் அதே இடத்தில் நிற்கவில்லை. பின்னாட்களில் ஃபாக் பங்கல்லாவைச் சுதந்திர நாடாக்கி, லமாண்டா லுவாகா என்ற ஆப்பிரிக்கரை அதன் அதிபராக்கினார். அந்தப் பயணத்தின் தொடக்கப் புள்ளி எங்கே இருந்தது என்பதும் இந்தப் பழைய ஸ்ட்ரிப்புகளில்தான் தெரியும்.

நிறமும் ஞாயிறு பக்கமும்

வண்ண ஞாயிறு பக்கம் 1939 மே 28இல்தான் தொடங்கியது. முதல் கதை 'லீக் ஆஃப் லாஸ்ட் மென்'. தினசரியில் ஒரு கதை ஓடும்போதே ஞாயிறில் முற்றிலும் வேறொரு கதை ஓடும். சில பத்திரிகைகள் தினசரியை மட்டும் வாங்கின, சில ஞாயிறை மட்டும். அதனால்தான் இந்த ஏற்பாடு. இரண்டையும் கலந்து படிக்காதீர்கள். தினசரியில் 1939 மே வரை வந்த பிறகு ஞாயிறு தொகுதியைத் திறப்பது என் வழக்கம்.

உடையின் நிறம் பற்றி எப்போதும் ஒரு சண்டை உண்டு. ஃபாக் மனத்தில் நினைத்தது சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளை ஸ்ட்ரிப்பில் நிறம் யாருக்கும் தெரியாது. ஞாயிறு பக்கத்தில் அது ஊதாவாக வந்தது, அப்படியே நிலைத்துவிட்டது. அதற்குள் மற்ற நாடுகள் தங்களுக்குத் தோன்றிய நிறத்தைப் பூசிவிட்டன. சுவீடனில் நீலம், இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு. எந்த நிறத்தில் பார்த்தாலும் போலி என்று நினைக்காதீர்கள். ஆனால் 1936–38 தினசரிக் கதையை வண்ணத்தில் பார்த்தால், அந்த வண்ணம் பிற்பாடு பூசப்பட்டது என்று மட்டும் நினைவில் வையுங்கள். மூரின் இருட்டு வண்ணத்தில் பாதி செத்துப்போகும்.

உடையைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். உடலோடு ஒட்டிய உடை, கருவிழி தெரியாத முகமூடி, இரண்டையும் சேர்த்து முதலில் அணிந்த காமிக்ஸ் நாயகர் இவர்தான். சூப்பர்மேன் வந்த இதழின் தேதி 1938 ஜூன், இரண்டு வருடம் பிந்தி. கருவிழி இல்லாத அந்தப் பார்வைக்குப் பழைய கிரேக்கச் சிலைகளின் வெற்றுக் கண்கள்தான் தூண்டுதல் என்று ஃபாக் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை ஒரு குளோஸ்அப் கட்டம் வரும்போது அந்தக் கண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஆளை வாசிக்கவே முடியாது. அச்சம் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கே நிறுத்துவது

ஆரம்பகாலம் என்பதற்கு நான் வைத்திருக்கும் எல்லை ரே மூரின் கைதான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் மூர் ராணுவ விமானப்படைக்குப் போனார். அவருடைய உதவியாளர் வில்சன் மெக்காய் தூரிகையை எடுத்துக்கொண்டு, 1961இல் இறக்கும்வரை வரைந்தார். அதற்குப் பிறகு சிறிது காலத்தில் சை பாரி வந்தார். நம்மில் பலருக்குப் பழக்கமான வேதாளரின் முகம் பாரி வரைந்தது.

1942–43இல் ஓடிய 'தி ஃபேண்டம் கோஸ் டு வார்' கதையில், ஜப்பானியப் படை காட்டுக்குள் வருகிறது. தினசரித் தொடரில் கைமாற்றம் நடப்பது அந்தக் காலத்தில்தான். ஒரே நாளில் வெளிப்படையாக மாறாது. நிழல்கள் மெல்லக் குறையும், கோடு தடித்துத் தெளிவாகும், முகங்கள் கொஞ்சம் உருண்டையாகும், பின்னணியில் வெள்ளை இடம் கூடும். அந்தக் கதையைப் படிக்கும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது மூர் இல்லை என்று உங்களுக்கு முதலில் தோன்றும் ஸ்ட்ரிப்பின் தேதியைக் குறித்துவையுங்கள். நானும் ஒரு தேதி குறித்திருக்கிறேன். அக்கா மகன் அந்தக் கதையை எட்ட இன்னும் நாளாகும், இப்போதுதான் ஸ்கை பேண்டில் ஒன்பதாவது வாரத்தில் இருக்கிறான். அவன் தன் தேதியை எழுதி முடிக்கும்வரை என்னுடையதைச் சொல்வதாக இல்லை.